இருவர் கூடினாலும் கூட்டந்தான்

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6226 அடி உயரத்தில் இருக்கின்றது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு புகையிரத நிலையம் இல்லை. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் "ஏன் குடிக்கிறீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். "குளிருக்குத்தான் ஃபாதர்."

குளிருக்கு மது மருந்தல்ல. குடித்தவுடன் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடம்பின் உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வருகின்றது. அதனால் சூடேறுவது போல் தோன்றுகின்றது. உண்மையில் அந்தச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கின்றது. குடித்துவிட்டுக் கானோரம் விழுந்து கிடப்பவர் மற்றவரைவிட விரைவாக விறைத்துப்போவது இதனால்தான். ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்டுக் குடியை விட்ட எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. குளிர் ஒரு சாட்டு. குளிரே இல்லாத வவுனியாவிலும் மன்னாரிலும் வெயிலுக்குக் குடிக்கின்றார்கள்.

ஏன் குடிக்கின்றார்கள் என்பதைப் பற்றி எழுதியும் பேசியும் ஊர்வலம் போயும் ஆயிற்று. மது ஒழிப்புப் பதாகையைத் தூக்கி வந்த கைகள் அன்று மாலையே கால் போத்தலைத் தூக்குவதையும் மலையகம் கண்டிருக்கின்றது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. லயத்திலும் தற்காலிகக் குடிசைகளிலும் பெண்கள் நம்மிடம் கேட்பது; சில வேளைகளில், ஆளில்லாத நேரம் பார்த்து, ஆண்களே மெதுவாகக் கேட்பது. "விட்டுடணும்னுதான் நினைக்கிறேன் ஃபாதர். எங்க போறது?"

இக்கேள்விக்கு அறிவுரை பதிலாகாது. ஓர் இடம், ஒரு நாள், ஒரு நேரம், அங்கே யார் இருப்பார் என்ற விபரம் இவைதான் பதில்.

பெயர்ந்தவர்களின் மாலைப்பொழுது

இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல ஒரே மண்ணில் வேரூன்றி வாழக் கொடுத்துவைக்காதவை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், காடு வெட்டிப் பயிர் செய்து, பின்னர் போரினால் அங்கிருந்தும் எழும்பியவர்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது உயிர் தப்பியவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் வீட்டையும் தோட்டத்தையும் ஒன்றாய் இழந்தவர்கள் உண்டு.

இடம்பெயர்ந்தவர் காணியை மட்டும் இழப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர் செய்துகொண்டிருந்த வேலையையும் இழக்கின்றார். மாட்டுக்குப் புல் அறுக்கவும், பாத்திக்குத் தண்ணீர் மாற்றவும், நாளைக்கு அனுப்பும் லீக்ஸைக் கட்டுக்கட்டவும் இருந்த அந்த நேரம் வெறுமையாகி விடுகின்றது. பழைய ஊரிலே "டேய், போதும்டா, வீட்டுக்குப் போ" என்று அதட்டுவதற்கு ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்தார். புது ஊரில் அவர் இல்லை. பக்கத்துக் குடிசைக்காரருக்கு இவரைத் தெரியாது. ஆனால் கசிப்பு விற்பவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகின்றது. போயா தினத்தில் சாராயத் தவறணை மூடிக் கிடக்கும். கசிப்புக்காரருக்குப் போயா கிடையாது. கடனும் கொடுப்பார்.

நட்டஈட்டுப் பணம் கைக்கு வரும் நாளில் என்ன நடக்கின்றது என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. அதை வாசகர்கள் நம்மைவிட நன்றாய் அறிவார்கள்.

41 நாள் நின்றவர் 42 ஆம் நாள் ஏன் விழுந்தார்?

குடியை விடுவதற்கு நம் மக்களிடம் ஏற்கனவே ஒரு வழி இருக்கின்றது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகின்றார்கள். ஆண்டு முழுவதும் குடித்தவர் ஒரு மண்டலம், அதாவது 41 நாள், ஒரு சொட்டும் தொடாமல் இருக்கின்றார். கத்தோலிக்கர் தவக்காலத்தின் 40 நாளும் அப்படி இருப்பதுண்டு. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்பவர்களும், அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி பிடித்து வாக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மாலை கழற்றிய மறுநாள் என்ன? பாஸ்கு ஞாயிறு மத்தியானம் என்ன?

"பார்த்தீங்களா, இவனால் முடியும், வேண்டுமென்றேதான் குடிக்கிறான்" என்று வீட்டார் சொல்கின்றார்கள். "என்னால் எப்போது வேண்டுமானாலும் விட முடியும்" என்று அவரும் சொல்லிக்கொள்கின்றார். இரண்டுமே சரியல்ல என்பது நமது எண்ணம். மாலை போட்ட 41 நாளும் அவர் தனியே இருக்கவில்லை. காலையிலும் மாலையிலும் மற்றச் சாமிமாரோடு சேர்ந்து குளித்தார், பஜனைக்குப் போனார், குடிக்கின்ற கூட்டாளிகளும் அவரைச் சாமி என்று அழைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒவ்வொரு மாலையும் போவதற்கு ஓர் இடமும், அங்கே தம்மைப் போலவே விரதமிருக்கும் நாலு பேரும் இருந்தார்கள். யாத்திரை முடிந்ததும் அந்த நாலு பேரும் பிரிந்துவிடுகின்றார்கள். விரதத்தை மட்டும் பார்த்தோமே தவிர அந்த நாலு பேரை நாம் கவனிக்கவில்லை.

பெருந்திரளாகச் சத்தியம் வாங்குவது திருச்சபைக்கும் பழக்கமான வழிதான். அயர்லாந்தில் தியோபால்ட் மத்தேயு என்ற கப்புச்சின் குருவானவர் 1838 இல் கோர்க் நகரில் தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். 1840களின் கொடிய பஞ்சத்திற்குப் பின் அதன் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. நம் நாட்டிலும் 1904 இலும் 1912 இலும் மதுவிலக்கு இயக்கங்கள் எழுந்தன. அவை பெரிய காரியங்கள்தான். ஆங்கிலேயர் ஊருக்கு ஊர் தவறணை திறப்பதை எதிர்க்க மக்களை ஒன்றுதிரட்டின. எனினும் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு நாக்கு வறண்டு கை நடுங்கும் ஒரு மனிதருக்குப் பெருந்திரளால் என்ன செய்ய முடியும்? அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஒருவர்.

தொலைபேசியில் ஒரு குருவானவரை அழைத்த மனிதர்

இந்த உண்மை 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அக்ரன் என்ற ரப்பர் டயர் நகரத்தில் வெளிப்பட்டது. நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர் அங்கே ஒரு வியாபாரக் காரியமாகப் போயிருந்தார். குடியினால் எல்லாவற்றையும் இழந்து, பலமுறை வைத்தியசாலையில் கிடந்து, 1934 டிசம்பரில்தான் குடியை நிறுத்தியிருந்தார். போன காரியம் தோற்றது. கையில் காசில்லை, தெரிந்தவர் எவருமில்லை. மே மாதத்து ஒரு சனிக்கிழமை, தங்கியிருந்த ஹோட்டலின் முன்மண்டபத்தில் நிற்கின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தொலைபேசியும், நகரத்துக் கோயில்களின் பெயர்ப் பட்டியலும்.

அவர் பட்டியலில் இருந்த ஒரு குருவானவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது காசல்ல, செபமுமல்ல. "என்னைப் போன்ற ஒரு குடிகாரர் இந்த ஊரில் யாராவது இருக்கின்றாரா? அவரோடு நான் பேச வேண்டும்" என்பதே அவர் கேட்டதன் சாரம். முந்திய மாதங்களில் அவர் எத்தனையோ குடிகாரர்களிடம் போய்ப் பேசியிருந்தார். அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் பேசப் போன காலமெல்லாம் தாம் குடிக்காதிருந்ததை அவர் கவனித்திருந்தார்.

அந்தத் தொலைபேசி அழைப்பு, கைமாறிக் கைமாறி, மறுநாள் மே 12 மாலையில் அவரை டாக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திர சிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. டாக்டரும் பெருங்குடிகாரர். அறிவுரை கேட்டு அலுத்தவர். 15 நிமிடந்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர் இரவு பதினொரு மணிக்குப் பின்னர்தான் எழுந்தார். காரணம் எளிது: வந்தவர் டாக்டருக்குப் புத்தி சொல்லவில்லை, தம் கதையைச் சொன்னார். டாக்டர் அதற்குப் பின்னரும் ஒருமுறை விழுந்தார். ஜூன் 10 அன்று குடித்ததே அவரது கடைசிக் குடி. அந்த நாளையே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கின்றது. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள், பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்று பொருள் கொள்ளலாம். அதே மாதம் இருவரும் நகரத்து வைத்தியசாலைக்குப் போய்க் கட்டிலில் கிடந்த ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தார்கள். அவர் மூன்றாமவர்.

இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் இக்குழுக்கள் கூடுகின்றன. இந்தியாவில் 1957 இல் பம்பாயில் வேர்விட்டது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடும் குழுக்கள் பல உண்டு. கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கூடுகின்றார்கள். இலங்கையில் கொழும்பில் கூடுகின்றார்கள்.

உள்ளே என்னதான் நடக்கின்றது?

பலர் போகாமலிருப்பது பயத்தினால். பெயர் பதிவார்களோ? பொலிசுக்குச் சொல்வார்களோ? தோட்டத்து ஐயாவுக்குத் தெரிந்துவிடுமோ? மதம் மாற்றுவார்களோ? ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கின்றோம்.

ஓர் அறை. சில கதிரைகள். தேநீர். ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை மணித்தியாலம். தலைவர் என்று நிரந்தரமாக எவருமில்லை. முறைவைத்து ஒருவர் நடத்துவார். ஒருவர் எழுந்தோ உட்கார்ந்தபடியோ தமது முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, குடியினால் தமக்கு என்ன நடந்தது, எப்படி நிறுத்தினார், இப்போது எப்படியிருக்கின்றார் என்று பேசுவார். மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, புத்தி சொல்வதில்லை. பிறகு அடுத்தவர். முதல் நாள் வந்தவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போகலாம். கட்டணமில்லை. இறுதியில் ஒரு தொப்பியோ தட்டோ சுற்றிவரும். இருப்பவர் இயன்றதைப் போடுவார், இல்லாதவர் போடத் தேவையில்லை. வெளியாரிடமிருந்து, அது கோயிலானாலும் கம்பனியானாலும் அரசாங்கமானாலும், பணம் வாங்குவதில்லை என்பது அவர்களது கண்டிப்பான வழக்கம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

சில கூட்டங்கள் குடிநோயாளர்க்கு மட்டுமே உரியவை. சில கூட்டங்களுக்கு வீட்டாரும் போகலாம். எது எந்த வகை என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று அங்கே யாரும் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காதிருந்தால் போதும். நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்க்கலாம். பெரிய சத்தியங்களைச் செய்து செய்து உடைத்த மனிதருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைக் குடிக்காதவர் எளிதில் உணரமாட்டார். முதல் கிளாஸை எடுப்பதற்கு முன்னால் தொலைபேசியில் அழைப்பதற்கு ஒருவரையும் அங்கே தேடிக்கொள்ளலாம். குடித்த பின் அழைப்பது எல்லோருக்கும் எளிது. முன்னால் அழைப்பதைத்தான் பழக வேண்டும்.

மதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மைவிட உயர்ந்த ஒரு சக்தியின் துணையை நாடுவது அவர்களது வழியில் உண்டு. அதை அவரவர் தம் நம்பிக்கைப்படி விளங்கிக்கொள்கின்றார்கள். முருகனைக் கும்பிடுபவரும் விகாரைக்குப் போகிறவரும் பூசைக்கு வருகிறவரும் ஒரே வரிசையில் உட்காருகின்றார்கள். எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைக் குருவானவர் 1940 இல் வில்சனைத் தேடிப்போய்ச் சந்தித்து, இறுதிவரை நண்பராயிருந்தார். தாம் குடிநோயாளியல்ல என்பதால் இயக்கத்தை நடத்த முற்படவில்லை. நம்மைப் போன்ற குருக்களுக்கு அது நல்ல பாடம். கூட்டத்திற்கு நாம் செய்யக்கூடியது பங்கு மண்டபத்தின் திறப்பைக் கொடுப்பது. பிரசங்கம் செய்ய உள்ளே போகக்கூடாது.

ஊர் சிறியது, இரகசியம் எங்கே நிற்கும் என்று சிலர் கேட்பதுண்டு. ஒருவர் குடிக்கின்றார் என்பது பட்டிப்பொலவில் ஒருபோதும் இரகசியமாயிருந்ததில்லை. கானில் விழுந்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தான். அவர் அறைக்குள்ளே என்ன பேசினார் என்பதே காக்க வேண்டிய இரகசியம்.

முதலில் வைத்தியசாலை

இந்தப் பகுதியை வாசகர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது.

நெடுங்காலமாய் நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று முற்றாக நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய சில மணித்தியாலங்களில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலர் இல்லாத ஆளைக் காண்பார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாய்ச் சொல்வார்கள், இடம் நேரம் தெரியாமல் பிதற்றுவார்கள். நம் ஊரில் இதைப் பேய் பிடித்ததென்று சொல்லிக் கோடாங்கியிடம் கொண்டுபோவதுண்டு. இது பேயல்ல, மது நின்றதனால் மூளை கொந்தளிக்கின்றது. சிகிச்சை இல்லாவிட்டால் சாவும் நேரலாம். மருந்தும் தயமின் என்ற பி1 விட்டமின் ஊசியும் கொடுத்துச் சில நாட்களில் தணிக்கலாம். ஆகவே கடும் குடிநோயாளி நிறுத்துவதற்கு முன்னரே வைத்தியரிடம் போக வேண்டும். பட்டிப்பொலவிலிருந்து போகக்கூடியது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபிக்கத் தேவையில்லை, குடிநோயைப் பார்ப்பது அவர்களது அன்றாட வேலை.

குடி ஒரு நோய் என்பதை வைத்தியர்களே ஏற்கக் காலமெடுத்தது. அக்ரன் நகரத்துப் புனித தோமையார் வைத்தியசாலையில் இக்னேஷியா என்ற கன்னியர் 1939 இல் முதல் குடிநோயாளியை அனுமதித்தபோது, இரைப்பை அழற்சி என்று எழுதித்தான் கட்டில் கொடுக்க முடிந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956 இல்தான் இதை நோயென்று அறிவித்தது.

வெளியே போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கொழும்பில் சுமித்ரயோ நிறுவனத்தின் மெல் மெதுர என்ற நிலையம் குடி, போதை ஆகியவற்றிலிருந்து விடுபட விரும்புவோர்க்கும் அவர்களது குடும்பத்தார்க்கும் இலவசமாக உதவுகின்றது. அழைக்கும்போது நாலு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: தமிழில் பேசுவார்களா, எந்த நாள், எத்தனை மணிக்கு, எமக்கு அருகே யாராவது இருக்கின்றார்களா. ஐந்தாவதாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பஸ் நிலையத்தில் கேட்க வேண்டும். கூட்டம் முடிந்து பஸ்ஸைத் தவறவிட்டு நகரத்தில் இரவு நிற்பவர் எங்கே போய் உட்காருவார் என்பது தெரிந்ததுதானே. 2020 இல் கொரோனாத் தொற்று ஆட்களைக் கூடவிடாமல் தடுத்தபோது பல குழுக்கள் கைத்தொலைபேசி வழியாகவும் கூடப் பழகிக்கொண்டன. தனிமையில் இருப்பவர்க்கு அது கைகொடுக்கும். ஆயினும் நேரில் கூடுவதற்கு அது ஈடல்ல என்பது எமது கருத்து. திரையில் இருப்பவருக்கு மதுவின் வாடை தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விளம்பரம் செய்யும் மாத்திரைகளையும் தூள்களையும் வாங்க வேண்டாம். அவற்றில் சில, மேலே குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கி, ஆளையே கொல்லக்கூடியவை. வைத்தியர் கண்காணிப்பில், நோயாளியே விரும்பி எடுக்க வேண்டிய மருந்து அது. அடைத்துவைத்து அடித்துத் திருத்துவோம் என்று காசு கேட்கும் இடங்களுக்கும் அனுப்ப வேண்டாம். அடிபட்டு வந்தவர் முதலில் தேடுவது போத்தலைத்தான்.

வீட்டிலே இருப்பவர்கள்

மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் காசு தவறணையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். இன்றும் மரக்கறி விற்ற காசு வரும் பாதை அதுதான். குடிப்பவர் ஒருவர்; நோயை அனுபவிப்பவர் ஐந்து பேர்.

வில்சனின் மனைவி லோயிஸ் இதை உணர்ந்தே 1951 இல் குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனொன் என்ற தனிக் குழுக்களைத் தொடங்கினார். கணவன் கூட்டத்திற்குப் போகாவிட்டாலும் மனைவி போகலாம் என்பது இதன் சிறப்பு. அவருடைய போத்தலை ஒளிப்பது, அவருக்காகப் பொய் சொல்லி வேலைக்கு லீவு கேட்பது, கடனை அடைப்பது ஆகியவற்றை நிறுத்துவதற்கு அவளுக்கும் துணை வேண்டும். அடி விழும் வீடுகளில் முதலில் அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும். அவர் திருந்தும்வரை பொறுத்திரு என்று நாமோ வேறெவருமோ சொல்லக்கூடாது.

தமிழகத்தில் இப்பணிக்கு முன்னோடியானவரும் குடியினால் விதவையானவர்தான். சாந்தி ரங்கநாதனின் கணவர், இந்தியாவின் நிதியமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன், 1979 இல் குடிநோயால் இறந்தார். செல்வமும் படிப்பும் அவரைக் காக்கவில்லை. அடுத்த ஆண்டே சென்னையில் கணவரின் பெயரால் சாந்தி ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதைவிட நமக்கு முக்கியமானது 1989 இல் அந்நிலையம் தஞ்சை வயற்காட்டிலுள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்தில் ஆரம்பித்த முகாம். நகரத்துக்கு வந்து தங்க முடியாத ஏழை உழவர்களுக்காகச் சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். 15 நாள் முகாம். ஊராரே இடமளித்தார்கள். மனைவிமாருக்கும் ஆலோசனை கொடுத்தார்கள். முகாம் முடிந்த பின்னரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரு வைத்தியரும் ஒரு பாடசாலை மண்டபமும் ஊரின் சம்மதமும் இருந்தால் நம் மலைகளிலும் இது முடியாததல்ல.

பட்டிப்பொலவில் எப்படித் தொடங்குவது?

பக்கத்தில் தமிழ்க் கூட்டம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை. அக்ரனில் முதல் கூட்டத்திற்கு வந்தவர்கள் இருவர். நிறுத்த விரும்பும் ஒருவரும், அவரைப் போன்ற இன்னொருவரும் இருந்தால் போதும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது பெரிய வசதி. இதற்குக் காணி உறுதி வேண்டாம், பதிவு வேண்டாம், நிதி வேண்டாம். மீண்டும் பெயர நேர்ந்தால் மூட்டையோடு இதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். வசதியான ஞாயிறு காலையைத் தெரிவு செய்வது பயனற்றது. சம்பள நாள் மாலை, மரக்கறிக் காசு கைக்கு வரும் மாலை, தவறணை நிரம்பும் அதே நேரந்தான் கூட்டத்திற்கு உகந்த நேரம். இடம் தவறணையைத் தாண்டிப் போகாத வழியில் இருக்க வேண்டும். கோயில் மண்டபமோ, சிறுவர் நிலையமோ, ஒருவர் வீட்டுத் திண்ணையோ எதுவானாலும் சரி. ஆனால் கிழமைக்குக் கிழமை மாறக்கூடாது. சிங்கள நண்பர் வந்தால் அவரும் தம் மொழியில் பேசட்டும். ஒரே கசிப்பைக் குடித்தவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கும்.

கூட்டத்தை வேறு எதனோடும் கலக்க வேண்டாம். சீட்டுப் பிடிப்பது, தொழிற்சங்கக் கதை, தேர்தல், நிவாரணப் பட்டியல் எல்லாம் வெளியே. புகைப்படம் எடுப்பது கூடவே கூடாது. திட்ட அறிக்கைக்கு ஆள்தொகை காட்ட வேண்டும் என்று வரும் தொண்டு நிறுவனங்களையும், நம்முடையது உட்பட, வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்கலாம். 2020 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரின் விபரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. குழுக்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டின் பின்னும் முற்றாகக் குடிக்காதிருந்தார்கள். மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 பேர். ஆகவே இது மற்றவற்றைவிட நல்லது. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டுக்குள் எப்போதோ விழுந்திருக்கின்றார்கள். இதைத் தொடங்கும்போதே எல்லோரும் அறிந்திருந்தால், ஒருவர் விழுந்ததும் "இதெல்லாம் சரிவராது" என்று குழுவே கலைந்துபோகாது.

விழுந்தவர் வெட்கத்தினால் இரண்டு கிழமை வரமாட்டார். அவரைத் தேடிப் போகக் குழுவில் ஒருவரை நியமிக்க வேண்டும். பகலில், ஆள் தெளிந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். "அண்ணே, வியாழக்கிழமை தேத்தண்ணிக்கு வாங்க" என்று அழைத்தால் போதும். எவ்வளவு குடித்தார் என்று கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது குடித்தார், கை நடுங்குகின்றதா, முன்னர் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டறிய வேண்டும். வலிப்போ பிதற்றலோ இருந்தால் கூட்டம் வரை பொறுக்கக்கூடாது. அந்த மலைப்பாதையில் இரவிலும் நுவரெலியாவுக்கு ஓட்டச் சம்மதிக்கும் ஒரு முச்சக்கர வண்டிக்காரரை முன்கூட்டியே பேசி, அவரது இலக்கத்தைக் கூட்டம் நடக்கும் அறையின் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.